வேலை முடிந்தது

அன்று மாலை கணினி மையத்தில் இருந்தவர்கள்: ஷிப்ட் ஆபரேட்டர் லாசர், போன மாதம் செத்துப்போன ஆராய்ச்சியாளன் அறவாழியின் மனைவி சுகந்தி, திரையில், ஓடிக்கொண்டிருக்கும் கணினி வேலைகளின் பட்டியலில் முதல் பெயராக, அறவாழி.

"இன்னும் ஓடுதாண்ணே?"

"ஓடுதும்மா. வேலைய ஓட்டறதுக்கு அவரு எழுதின ஸ்கிரிப்ட்டோட கடைசி வரியில, முடிஞ்சதும் மறுபடி வரிசையில போய் நில்லுன்னு எழுதி வச்சிருக்காரு. அது பாட்டுக்கு நிக்குது."

ஸ்கிரிப்ட்டில் அதற்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது. வேலை முடிந்தால் சுகந்திக்கு ஒரு மெயில் போகும். அறவாழி கிளம்பிவிட்டான், தோசைக்கல்லை அடுப்பில் வைக்கலாம் என்று அர்த்தம். தினமும் ஆறு மணிவாக்கில் அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

"போன் சத்தம் கேட்டா பாப்பா வாசல்ல போய் உக்காந்துக்கறா. தூங்கினப்புறம்தான் தூக்கிட்டு வர முடியுது. நிறுத்திடுங்கண்ணே."

லாசர் நிறுத்தினான். பட்டியலிலிருந்து பெயர் போனது. அடுத்தவன் வேலை மேலே ஏறியது. பாதியில் நிறுத்தினாலும் அந்த ஸ்கிரிப்ட்டுக்கு அது முடிந்த கணக்குதான். சுகந்தியின் கைப்பைக்குள் போன் ஒலித்தது.

அவள் எடுத்துப் படித்தாள். இதுதான் கடைசி, இனி வராது என்று சொல்ல லாசர் வாயெடுத்தான். அதற்குள் அவள் எழுந்துபோய், வாசலருகே கழற்றிவிட்ட செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாவு பிரிட்ஜ்லயே இருக்குண்ணே. அவரு வர்றதுக்குள்ள நான் போயிடணும்."

அவள் போன பிறகும், அவள் பின்னால் இன்னொருவர் வெளியே போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் லாசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சாத்திப் பூட்டினான்.