பூட்டுப் படம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. எங்கே என்று இப்போதே கேட்கக் கூடாது.

அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது அவன் வகுப்பு. பதினேழு வயது. தலைமை ஆசிரியர், பஸ் கண்டக்டர், கீழ்வீட்டுப் பொக்கைவாய்க் கிழவர், யார் குரல் வேண்டும்? திருகினால் வரும். அப்பா இறந்த இந்த ஒரு வருஷமாக வீட்டிலும் அதே கூத்துதான். சாப்பாடு கேட்பது செய்தி வாசிப்பவர் குரலில். கோபித்துக்கொள்வது தலைமை ஆசிரியர் குரலில்.

"ஊரையே ஏமாத்திட்ட. உங்கம்மாவை ஏமாத்து, பாப்போம்," என்றான் வகுப்புத் தோழன் நெட்டை. "அவங்களுக்குப் பாம்புக் காதுடா."

மதிய இடைவேளை. பள்ளி மொட்டைமாடிப் படிக்கட்டு. நெட்டையின் போன், ஸ்பீக்கரில். அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினின் இரைச்சல் முதலில் வந்தது. பின்னாலேயே அம்மாவின் குரல்.

"வணக்கம்மா. இன்டர்நெட் ஆபீஸ்." ரேடியோவின் வாயில் ஐம்பது வயசுக் குரல், கூடவே ஒரு மூக்கடைப்பு. "உங்க வீட்டுல என்னென்ன பக்கம் பாத்தீங்கன்னு இந்த மாசத்துலேருந்து லிஸ்ட் எடுத்து வீட்டுக்கே தபால்ல அனுப்பறோம்."

"எதுக்கு சார்?"

"மேலிடத்து உத்தரவும்மா."

நெட்டை கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். இந்தச் சிரிப்பு கணக்கில் சேராது.

"அதெப்படி சார் பாக்க முடியும்? பக்கத்துக்கு மேல ஓரத்துல பூட்டுப் படம் இருந்துச்சே. பூட்டு இருந்தா ஒட்டின கவர் மாதிரி, வழியில யாரும் பிரிச்சுப் படிக்க முடியாதுன்னு என் பையன் சொல்லியிருக்கானே."

சொன்னவன் அவன்தான். உண்மையும் அதுதான். கவர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரியலாம். உள்ளே இருக்கும் எழுத்து தெரியாது.

"பூட்டு இருக்கும்மா. சாவி எங்ககிட்ட இருக்கு."

இரைச்சல் நின்றது. அம்மா மெஷினை அணைத்துவிட்டாள். எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"சார், அந்த லிஸ்ட் என் பையன் கையில கிடைக்கக் கூடாது."

ரேடியோ நெட்டையைப் பார்த்துக் கண்ணடித்தான். "எந்தப் பக்கம்னு சொல்லுங்க, லிஸ்ட்லேருந்து அடிச்சுடறேன்."

"டாக்டர்கிட்ட கேள்வி கேக்கற பக்கம்."

கண்ணடித்த கண் அப்படியே நின்றது. ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

"டேய், என்னடா சொல்றாங்க?" என்றான் நெட்டை.

ரேடியோ நாலு படி கீழே இறங்கிப் போனான். "உங்க உடம்புக்கு என்னம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். அவனுக்காகத்தான் கேட்டேன். அவங்கப்பா போனதுலேருந்து யார் யார் குரல்லயோ பேசறான். அவன் குரலை நான் கேட்டே ஒரு வருஷம் ஆச்சு. அழக்கூட இல்ல. இது வியாதியான்னு கேட்டேன்."

இந்த இடத்தில் போனை வைத்திருக்கலாம். கை வரவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"விட்டுப் பிடிங்க, தானா வருவான்னாரு. அதை அவன் படிச்சாக்கூடப் பரவாயில்ல சார். ரெண்டாவதா ஒண்ணு கேட்டிருக்கேன்." அம்மா தொண்டையைச் செருமினாள். "சில நாள் கதவுக்குப் பின்னால நின்னு அவங்கப்பா மாதிரியே என்னைக் கூப்பிடுவான். சும்மா கிடடான்னு திட்டுவேன். ஆனா அந்தக் குரலுக்காகவே சில நாள் வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டு ஓடறேன் சார். அது தப்பான்னு கேட்டிருக்கேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அதைப் படிச்சான்னா, எனக்காக ஆயுசு முழுக்க அவங்கப்பாவாவே பேசிக்கிட்டிருப்பான். கிறுக்குப் பய, செய்வான். அந்த ஒண்ணை மட்டும் அடிச்சுடுங்க சார்."

ரேடியோ வாயைத் திறந்தான். தலைமை ஆசிரியர் வரவில்லை. செய்தி வாசிப்பவர் வரவில்லை. மூக்கடைப்பும் கைவிட்டுவிட்டது.

"அடிச்சுட்டேம்மா," என்றான்.



"சார், குரல் மாறுதே. இது யாரு?"

 அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அம்மாவுக்குப் போனது.

அம்மா மெதுவாகச் சிரித்தாள்.

"இவ்வளவு கட்டையாவாடா ஆயிடுச்சு உன் குரல்?"