டிஸ்க்கில் இடமில்லை

அலுவலகத்தின் மெயின்ஃப்ரேம் கணினியில் டிஸ்க் நிரம்பிவிட்டது. சாயங்காலத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் சம்பளக் கணக்கு ஓடாது. டிஸ்க்கைப் பராமரிப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘துடைப்பம்’. அவர் மேசை மேசையாகப் போய் எல்லார் உயிரையும் வாங்கினார்.

“பழைய ஃபைலையெல்லாம் இப்பவே அழிங்க!”

“நாளைக்குத் தேவைப்பட்டா?” என்று முனகினார் கணக்குப் பிரிவு அம்மா.

“எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழணுமா? அழிங்கம்மா!”

எல்லாரும் அழித்தார்கள். அப்படியும் டிஸ்க்கில் இம்மி இடம் கூடவில்லை.

மேலாளர் பாய்ந்து வந்தார். “இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கற அந்தப் பிரகஸ்பதி யாருய்யா? பேரைச் சொல்லுங்க!”

திரையைப் பார்த்த துடைப்பத்தின் முகம் சுண்டிப்போனது.

“நான்தான் சார். அழிச்சவங்க நாளைக்கே வந்து அழுவாங்களேன்னு, அவங்க அழிக்க அழிக்க எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சேன்... இதே டிஸ்க்குல.”