அபாயச் சங்கு

"நான் தூங்கிட்டேம்மா. அதையே எழுதிக்கிட்டு ஆளை விடுங்க," என்றார் லிங்கம் மறுபடியும்.

சுலோஜனா பேனாவைத் தொடவில்லை. மனிதர்கள் எந்த இடத்தில், ஏன் தவறுகிறார்கள் என்று கணக்கிடுவது அவள் தொழில். வெளிநாட்டில் அணுமின் நிலையங்களுக்காகப் படித்த படிப்பு, இப்போது பதுளை மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு அவளை இழுத்து வந்திருந்தது. போன மாதம் இங்கே மலை சரிந்தபோது அபாயச் சங்கு ஏன் ஊதவில்லை என்று அவள் சொல்லியாக வேண்டும்.

மழைமானியில் சிவப்பு விளக்கு எரிந்தால் சங்கை ஊத வேண்டியவர் லிங்கம். மண்ணுக்குள் போனவர்களில் அவர் மனைவி பூவம்மாவும் ஒருத்தி. அறிக்கை நாளை நீதிமன்றம் போகிறது. தூங்கினேன் என்ற ஒரு வார்த்தை போதும், மனிதர் கம்பி எண்ண.

காலையில் அவள் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துப் பக்கம் போயிருந்தாள். சுவர்களில் ஒரு கீறல் கிடையாது. கொடியில் யாரோ காயப்போட்ட பாவாடை அப்படியே கிடந்தது. ஆளில்லாத அந்த வரிசையைக் கடைசிவரை நடந்து பார்த்தாள்.

மிஞ்சியிருந்த சிலரில் பாக்கியலெட்சுமி மட்டும் வாய் திறந்தாள். "அபாயச் சங்கெல்லாம் ஊதவே இல்லைங்க. விடியுறதுக்கு முந்தி வேலைச் சங்குதான் கேட்டுச்சு. எனக்கு நல்ல காய்ச்சல், எந்திரிக்க முடியாமப் படுத்துட்டேன்."

ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும் ரகமல்ல சுலோஜனா. இப்போது லிங்கத்தோடு உட்கார்ந்திருந்த தொழிற்சாலை அறையின் சுவரிலிருந்த அபாயப் பொத்தானை நன்றாகப் பார்த்தாள். அதை மூடியிருந்த கண்ணாடி உடைந்திருந்தது. மலை குலுங்கியதில் உடைந்திருக்கும் என்று விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"லிங்கம் ஐயா, வலது கையைக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் ஒளிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. உள்ளங்கை நெடுகத் தையல் போட்ட தழும்பு.

"கண்ணாடியை உடைச்சுப் பொத்தானை அமத்தியிருக்கிறியள்! நீங்கள் நித்திரையே கொள்ளேல்லை!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதை எழுதினால் உங்களை ஒருத்தரும் தொடேலாது. பிறகேன் பொய் சொல்லுறியள்?"

"எழுதாதீங்கம்மா. கும்புட்டுக் கேக்குறேன். தூங்குமூஞ்சிப் பயன்னே ஊரு திட்டட்டும்."

"ஏன்?"

லிங்கம் சன்னல் வழியே கீழே பார்த்தார். காலையில் தொழிலாளர்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம் அங்கேதான் இருந்தது. சரிந்த மலை மூடியதில் இப்போது வெறும் சேறு. மழை அதன்மேல் இன்னும் தூறிக்கொண்டிருந்தது, சுலோஜனாவுக்கு ஏனோ அந்தப் பக்கம் திரும்பவே பயமாயிருந்தது.

"சிக்கனம் பாத்து ரெண்டுக்கும் ஒரே சங்கைத்தாம்மா மாட்டினாங்க. நீட்டி ஊதினா அபாயம், விட்டு விட்டு ஊதினா வேலை. கொட்டுற மழையில அது யாருக்கு வெளங்கும்? பெரட்டுக்குப் பிந்திப் போனா வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. நேரமாயிருச்சுன்னு எல்லாரும் லயத்தை விட்டு அங்கதான் ஓடினாங்க. நான் இங்கருந்து கத்துறேன், கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல. பூவம்மாதான் முன்னுக்கு ஓடினா."

சுலோஜனா எழுந்து சன்னலருகே வந்தாள்.

லிங்கம் சேற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் தூங்கியிருக்கணும்மா."