வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு

தலையெல்லாம் சேவல் கொத்திய புண்ணோடு கருங்கோழி கோயில் யானையிடம் போய் அழுதது. ஊரே விழுந்து கும்பிடும் பெரியவர் சொன்னால் புருஷன் கேட்பான் என்று ஒரு நம்பிக்கை.

யானை சேவலைக் கூப்பிட்டு அதட்டியது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொண்டாட்டியைக் கொத்தலாமாடா? மகாலட்சுமி கூட்டை விட்டே போயிடுவா!”

“தப்புதான் சாமி” என்று இறக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டது சேவல். பயபக்தியுள்ள சேவல் அது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து வியாழக்கிழமையே கொத்தி முடித்துவிட்டது.

மறுநாள் யானை கோழியைக் கேட்டது, “இன்னைக்குக் கொத்தினானா?”

“இன்னைக்கு இல்லைங்க சாமி. ஆனா நேத்து...”

“பார்த்தியா, பெரியவங்க சொன்னா கேட்பான்!” என்று பூரித்துப்போன யானை, கோழியின் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசீர்வதித்தது. புண்ணில் பட்டதும் கோழி அலறியது.

“இந்த வாய்தான்டி அவனைக் கொத்த வைக்குது” என்றது யானை.