சாவி தெபோராளிடம்

"கோடை லீவுக்குச் சபையே மலையை விட்டுக் கீழ இறங்கிருச்சு, இனி யாருக்குடி ஜெபம்? எங்க ஊரு அம்மன் கொடைக்கு வாரியா, இல்லையா?" பெட்டியும் கையுமாகக் கத்துகிறான் கருத்தப்பாண்டி. "லீவு ஆண்டவருக்குமா? உபதேசியார் வர்ற வரைக்கும் ஆராதனை நிக்கக்கூடாதுன்னு ஜெபக்கூடத்துச் சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் வரலை," என்கிறாள் அவன் மனைவி தெபோராள். "அப்ப அந்தச் சாவியோடயே குடும்பம் நடத்து!" ஏலப்பாறைக்குப் போகும் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. நான் அடுத்த வீட்டுக்காரி. தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை என்றால் காதுதான் என்ன செய்யும்? கண்ணுக்கும் வேலை கொடுப்போமென்று அவள் பின்னாலேயே போய் ஜெபக்கூடத்து ஜன்னலில் நிற்கிறேன். வாசலில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அவள் தட்டுகிறாள். சத்தம் தேயிலைச் சரிவில் மோதித் திரும்புகிறதே தவிர ஆள் வரவில்லை. வெறும் பாய்களில் சித்திரை வெயில் விழுந்து கிடக்கிறது. முன்னே போய் நின்று உபதேசியார் சொல்வதைச் சொல்கிறாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெண்கள் பக்கத்துப் பாயில் தன் இடத்துக்கு வந்து, சபை சொல்வதைச் சொல்கிறாள். மறுபடி எழுந்து முன்னே போகிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அந்த ஆவணியில் கருத்தப்பாண்டி ஊரிலேயே அத்தை மகளைக் கட்டிக்கொண்டான். தெபோராள், திரும்பி வந்த உபதேசியாரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு, சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குத் தனியாகப் போய்விட்டாள்.