சொம்புத் தண்ணீர்

"எனக்கென்னவோ இந்த லாரியே இருக்கட்டும்னு தோணுதுங்க" என்றாள் விண்ணரசி, மூன்றாவது இட்லியைத் தட்டில் வைத்தபடி.

ஆசீர்வாதத்துக்கு இரண்டாவது இட்லியே தொண்டையில் நின்றது. ஊரில் யாரோடும் மல்லுக்கு நிற்பவர், மனைவி வேண்டாம் என்றால் மட்டும் பெட்டிப்பாம்பு. பாபநாசம் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களிலிருந்து குடோனுக்கு நெல் லோடு அடிப்பது அவர் பிழைப்பு. லாரி சொந்தமில்லை, அய்யம்பேட்டை யூனுஸ் பாயிடம் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை முடிய ஆடி மாதம் ஆகும். இப்போதுதான் சம்பா அறுவடை தொடங்கியிருக்கிறது. அதற்குள் மன்னார்குடி செல்லதுரை, ஏசி வைத்த புது வண்டியைத் தருகிறேன், பாய் குத்தகையைப் பாதியில் முடித்துக்கொண்டு வா என்று ஆசை காட்டிவிட்டான்.

"இடுப்பு கழண்டுபோச்சு விண்ணு. பாய் வண்டி நம்மள ஏத்திட்டுப் போகுதா, ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டுதான்னே தெரியல. புது வண்டி ஓடுறதே தெரியாது. ஒரு சத்தம் கிடையாது, ஒரு ஆட்டம் கிடையாது."

"அதனாலதான் வேண்டாங்கிறேன். ஆடுற வண்டிதான் நமக்கு ராசி."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அது அவள் வழக்கம். அவர் வாயைத் திறந்தால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பாள். சென்னையிலிருக்கும் மகள் பிரின்ஸிகூட வீடியோவில்தான் பேச வேண்டும். முகம் பார்க்காத பேச்சு என்ன பேச்சு என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் பெண்டாட்டி தன்னை இப்படிப் பார்ப்பதில் ஆசீர்வாதத்துக்கு உள்ளூர ஒரு கர்வம்.

அதைவிடப் பெரிய கர்வம் ஹாரன் விஷயத்தில். தெருமுனை வாய்க்கால் மதகில் வண்டி ஏறும்போது ஒரு தட்டுத் தட்டுவார். வாசலில் வந்து நிற்பதற்குள் விண்ணரசி சொம்புத் தண்ணீரோடு வெளியே நிற்பாள். "ஆயிரம் லாரி வந்தாலும் என் ஹாரன் அவளுக்குத் தெரியும்" என்று மூட்டை தூக்கும் ஆட்களிடம் பீற்றிக்கொள்வார். தொண்டை சரியில்லை என்று அவள் மாதா கோயில் பாட்டுக் குழுவை விட்டு விலகியபோது ஊரே வருத்தப்பட்டது. இவர் மட்டும், வீட்டில் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு வாரம் கெஞ்சினார். பிரின்ஸியை விட்டுப் பேசச் சொன்னார். ஞாயிறு பூசையில் மாதாவிடமும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். விண்ணரசி இறங்கி வரவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு தடவை அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து பார்த்தால் தானாக மாறிவிடுவாள். பழைய லாரியை கிரீஸ் அடிக்க பாயின் ஷெட்டில் விட்டுவிட்டு, செல்லதுரையின் வண்டியை ஒரு நாளைக்கு வாங்கிவந்தார். விஷயத்தை பாயிடம் நேரில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மதகில் ஹாரன் அடித்தார். வாசலிலும் அடித்தார். யாரும் வரவில்லை. புது ஹாரன், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, வண்டியைத் தள்ளி வேப்பமர நிழலில் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே போனார்.

விண்ணரசி அடுப்படி மேடையருகே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அவள் எதிரே மேடைமேல், எப்போதும்போல் சொம்பு நிறையத் தண்ணீர்.

"விண்ணு."

பதில் இல்லை. கோபமா என்று கேட்டார். அதற்கும் இல்லை. வண்டியைப் பார்த்துவிட்டு முறுக்கிக்கொண்டாள் என்று தெரிந்துபோனது. நிலையில் சாய்ந்துகொண்டு அந்த முதுகிடமே மன்றாடத் தொடங்கினார். இடுப்பு வலியைச் சொன்னார், ஏறிக்கொண்டே போகும் வயதைச் சொன்னார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேளாங்கண்ணி வரைக்கும் ஏசியில் கூட்டிப்போகும் ஆசையையும் சொன்னார்.

"உனக்குப் பிடிக்காம எதையும் செய்ய மாட்டேன். வேணும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு."

அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவருக்கு அவள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. மனிதன் இவ்வளவு சொல்கிறான், திரும்பிக்கூடப் பார்க்காத அழுத்தமா? செல்லதுரையிடம் சரி என்று சொல்லிவிடுவோம் என்று செல்போனை எடுத்தார்.

அப்போது காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. ஏதோ ஒரு கனத்த வண்டி, ஹாரன் அடிக்காமல் மதகு ஏறுகிறது. சொம்பில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

விண்ணரசி கீரையை அப்படியே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்து, சொம்பை எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் புருஷனைத் திரும்பியும் பாராமல் வாசலுக்கு ஓடினாள். ஆசீர்வாதம் பின்னாலேயே போனார்.

வாசலில் பழைய லாரி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் கதவு திறப்பதற்குள் அவள் அண்ணாந்து, "வந்துட்டீங்களா, இந்தாங்க தண்ணி" என்றாள்.

இறங்கியவர் யூனுஸ் பாய். அவள் தலைக்குமேல் ஆசீர்வாதத்தைப் பார்த்து, "வண்டிய விடப்போறியாமே ஆசீர்? உன் வாயால கேக்கலாம்னு நானே ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

ஆசீர்வாதம் உறுமும் லாரியையும் அவள் கையிலிருந்த சொம்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆடி வரைக்கும் இதையே ஓட்டுறேன் பாய். புது வண்டி நமக்கு ராசியில்ல."

எத்தனை வருஷமாகவோ அவர் அடித்த ஹாரன் ஒன்றுகூட அவள் காதுக்குப் போனதில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி மெல்லச் சொன்னார்: "தண்ணி குடு விண்ணு."