தூதன்

பழைய மேடை நாடகத்தில், மகன் போரில் இறந்த செய்தியை அரசியிடம் தூதன் வந்து சொல்வான். அதைத் தழுவி எடுக்கும் படத்தில் மகன் பைக்கில் அடிபட்டுச் சாகிறான். செய்தி போனில் வரும்.

"உங்க சொந்த போனையே வெச்சுக்குங்கம்மா. ஒவ்வொரு டேக்குக்கும் வேற வேற ஆள் பேசுவாங்க. அப்பதான் அதிர்ச்சி நிஜமா தெரியும்," என்றார் இயக்குநர், தாயாக நடிப்பவரிடம்.

ஆறு டேக் போயும் அவருக்குத் திருப்தியில்லை.

"உங்க பையனையே நினைச்சுக்குங்களேன்."

"அதை மட்டும் சொல்லாதீங்க தம்பி," என்றார் நடிகை.

ஏழாவது டேக். போன் அடித்தது. நடிகை எடுத்துக் கேட்டார். இந்த முறை அவர் குரல் லேசாக உடைந்தது.

"உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்துடுங்க."

வசனத்தைச் சொல்லிவிட்டு வைத்தார்.

"கட். ஓகேம்மா, பிரமாதம்."

நடிகை மூச்சு விட்டார். "ஆம்புலன்ஸ் சத்தமெல்லாம் வெச்சு, கடைசியில என் பையன் பேரையே சொல்ல வெச்சிட்டீங்களே. ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். யாரு தம்பி பேசினது?"

இயக்குநர் துணை இயக்குநரான பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் போனும் கையுமாக எழுந்து நின்றாள்.

"சார், அம்மா லைன் பிஸியாவே இருந்துச்சு. நாங்க யாரும் பேசல."